பூட்டி வச்ச செட்தான் முதல்ல போகுது! மரக்காணம் உப்புக்காத்துல ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு என்ன ஆகுது?

தீபாவளிக்கு வாங்கிய செட். பொங்கல் வரைக்கும் வீடே அதிரும். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து ஆன் பண்ணினால் இடது பக்க ஸ்பீக்கர் மட்டும் பேசாது. வால்யூமை ஏத்தினா திடீர்னு சத்தம் வரும். குறைச்சா மறுபடியும் காணாமப் போகும். கடலோர ஊர்களில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தினமும் ஓடும் செட்டை விட, "பத்திரமா இருக்கட்டும்" என்று துணி போட்டு மூடி வைத்த செட்தான் இங்கே சீக்கிரம் கெட்டுப்போகும்.

ஏன் அப்படி? செட்டைக் காப்பாற்ற என்ன செய்யலாம்? வாரண்டி கை கொடுக்குமா? பார்க்கலாம்.

ரிசீவர் என்றால் எது?

டி.வி., செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல் எல்லாவற்றிலிருந்தும் வரும் ஒலியை வாங்கி, பிரித்து, பெருக்கி ஐந்து அல்லது ஏழு ஸ்பீக்கர்களுக்கும் சப்-வூஃபருக்கும் அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். டெனான், யமஹா, மராண்ட்ஸ், ஓன்கியோ, சோனி எல்லாம் இந்த வகையில் தெரிந்த பெயர்கள். சவுண்ட்பார் மாதிரி அடைத்த டப்பா இல்லை இது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், ஆம்ப்ளிஃபையர், சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு எல்லாம் இருப்பதால் மேல்மூடி முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும். கீழிருந்து காற்று உள்ளே போய், சூடாகி மேலே வரும். அந்தக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் இங்கே பிரச்னை.

மரக்காணத்துக் காற்றில் என்ன இருக்கு?

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தூரத்தில் இருக்கிறது மரக்காணம். ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் கழுவேலி நீர்ப்பரப்பு, நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பளப் பாத்திகள். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகளாகி ஊருக்குள் வரும். கரையிலிருந்து உள்ளே போகப் போக இதன் அளவு வேகமாகக் குறையும். அதனால் கடலைப் பார்த்த முதல் தெருவில் இருக்கும் வீட்டுக்கும், இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

இந்த உப்பு காய்ந்து கிடக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. ஈரமாகும்போதுதான் வேலையைக் காட்டும். மழைக்காலத்தில் அடுப்படி ஜாடியில் கல்லுப்பு நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் ரிசீவருக்குள்ளேயும் நடக்கிறது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கூடவே மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது இன்னும் மோசம், சுமார் 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் கடற்கரையில் ராத்திரியில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

அப்போது சர்க்யூட் போர்டின் மேல் படிந்த தூசியும் உப்பும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரப் படலமாகிவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். எச்டிஎம்ஐ சிப்பின் கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பாதி கூட இருக்காது. அங்கே மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும், சால்டரிங் வெளுக்கும். படகுகளில் வைக்கும் மின்னணுக் கருவிகளின் போர்டுகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுப்பார்கள். வரவேற்பறையில் வைக்கத் தயாரித்த ரிசீவருக்கு அது பொதுவாகக் கிடையாது.

மூடி வைத்தால் ஏன் சீக்கிரம் போகிறது?

ஒரு சின்னக் கணக்கு. 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று ரிசீவருக்குள் போகிறது. செட் ஓடுவதால் உள்ளே 38 டிகிரி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றில் இருக்கும் தண்ணீரின் அளவு மாறவில்லை. ஆனால் சூடான காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியும் என்பதால் ஈரப்பதம் 48 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். 75-க்குக் கீழே வந்தாச்சு, சோடியம் குளோரைடு காய்ந்துவிடும். மக்னீசியம் பங்கு அப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், ஆனாலும் படலம் மெலியும். வெறும் 10 டிகிரி சூடு செய்யும் வேலை இது.

ஆஃப் பண்ணி மூடி வைத்த செட்டுக்கு இந்தச் சூடு கிடைக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் பீச் ஹவுஸ் வாங்கி, மாதத்தில் ஒரு வார இறுதி மட்டும் வந்து போகிறவர்களின் செட்டுகளுக்கும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வாங்கிக் கொடுத்து, அவர் லீவுக்கு வரும்போது மட்டும் ஓடும் செட்டுகளுக்கும் இதுதான் வினை. பிளாஸ்டிக் கவர் போட்டால் இன்னும் கெடுதல். உள்ளே புகுந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும்.

ஸ்டாண்ட்பையில் விட்டால் போதாதா? போதாது. இப்போது வரும் மாடல்கள் எக்கோ ஸ்டாண்ட்பையில் அரை வாட் அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கும். அதில் பெட்டி சூடாகாது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ஒரு மணி நேரம் நிஜமாகவே ஓட விட வேண்டும். கரண்ட் பில் பயம் வேண்டாம். சத்தம் குறைவாக வைத்தால் ஒரு ரிசீவர் சுமார் 60 வாட் எடுக்கும் என்று கொண்டாலும், தினம் ஒரு மணி நேரத்துக்கு மாதம் 2 யூனிட் கூட ஆகாது.

வைக்கும் இடமும் முக்கியம். மரக்காணத்தில் கடல் கிழக்கே. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று நேராக உள்ளே வரும் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே செட்டை வைப்பது, உப்பைக் கையால் அள்ளிப் போடுவதற்குச் சமம். உள் சுவர் ஓரமாக, மேலே ஒரு சாண் இடம் விட்டு வைக்கலாம்.

ஏ.சி. ரூம் என்றால் பாதுகாப்பா?

ஏ.சி. ஓடும் வரை நல்லதுதான், காற்று காய்ந்திருக்கும். ஆபத்து ஏ.சி.யை நிறுத்திய பிறகு. 24 டிகிரிக்குக் குளிர்ந்த அறையில் ரிசீவரும் 24 டிகிரியில் இருக்கும். உடனே ஜன்னலைத் திறந்தால், மேலே சொன்ன அதே 28 டிகிரி, 85 சதவீதக் காற்று உள்ளே வரும். அந்தக் காற்று சுமார் 25 டிகிரியிலேயே தண்ணீராக மாறத் தொடங்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்ப்பது போல ரிசீவரும் வேர்க்கும், உள்ளேயும் சேர்த்து. அதனால் ஏ.சி.யை நிறுத்தினால் அறை தானாகச் சூடாகும் வரை ஜன்னலைத் திறக்காமல் இருப்பது நல்லது.

ஸ்பீக்கர் பேசலையா? இதைச் செஞ்சு பாருங்க

ஆன் செய்ததும் சில விநாடிகள் கழித்து உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்பீக்கர்களை இணைக்கும் ரிலே அது. அந்த "டக்" வரவே இல்லை, விளக்கு மட்டும் மினுக்குகிறது என்றால் செட் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிட்டது என்று அர்த்தம். மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பார்க்க வேண்டாம். ஸ்பீக்கர் ஒயர்கள் எங்காவது ஒன்றோடு ஒன்று தொடுகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

"டக்" வருகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்து வந்து போகிறது என்றால், ரிலேயின் தொடுமுனையில் அழுக்கு பிடித்திருக்கலாம். வால்யூமை ஏத்தினா சத்தம் வருவது இதற்கான அடையாளம். ஆனால் அதற்கு முன்னால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். செட்டை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இடது வலது ஒயர்களை ரிசீவரின் பின்பக்கம் மட்டும் மாற்றிப் போடுங்கள். கோளாறு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் ரிசீவரில் பிரச்னை. அதே ஸ்பீக்கரிலேயே நின்றால் ஒயரோ ஸ்பீக்கரோதான். பல ஆயிரம் ரூபாய் ரிப்பேர் என்று பயந்து, கடைசியில் அரை அங்குல ஒயரை வெட்டிச் சீவியதோடு முடிந்த கதைகள் நிறைய உண்டு.

ஒயர் முனை பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் துடைத்துப் பயனில்லை. வெட்டிவிட்டு, பளபளப்பான செம்பு வரும் வரை புதிதாகச் சீவ வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யலாம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயர்களைக் கடலோரத்தில் தவிர்ப்பது நல்லது. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் வாங்கலாம், படகுகளில் ஓட்டுவது அதைத்தான்.

மூடியைத் திறந்து நீங்களே சுத்தம் பண்ண நினைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியே உள்ள தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் கிளீனரால் இழுத்தால் போதும். உள்ளே போர்டைச் சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பயன்படுத்தும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கையில் கிடைத்த எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே அடிப்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு விருந்தாளி பல்லி. இதமான சூடு, மேலே ஓட்டை, உள்ளே இருட்டு. பல்லிக்கு இதைவிட நல்ல வீடு எது? மின்சாரம் வரும் இடத்தில் அது குறுக்கே விழுந்தால் பல்லியோடு செட்டும் போகும். மேல்மூடி ஓட்டைகளை அடைக்காமல், செட்டைச் சுற்றியுள்ள அலமாரிக்கு மெல்லிய வலை அடிப்பதுதான் வழி.

எல்லாப் பழியும் உப்பின் மேலா?

இல்லை. கம்பெனியிடமே கோளாறு இருந்த சம்பவங்களும் உண்டு. 2020-ல் வந்த டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்கள் சிலவற்றில், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போன்றவற்றை 4கே, 120 ஹெர்ட்ஸில் இணைத்தால் திரை கறுப்பாகிவிட்டது. எச்டிஎம்ஐ 2.1 சிப்பில் இருந்த பிழை அது. டெனான், மராண்ட்ஸ் தரப்பு தனியாக ஒரு அடாப்டர் பெட்டி கொடுத்தது, யமஹா போர்டை மாற்றித் தந்தது. அதற்கு முன்பு ஓன்கியோவின் சில மாடல்களில் சத்தமே வராமல் போகும் கோளாறு பரவலாக இருந்ததால், வாரண்டி முடிந்த செட்டுகளையும் அமெரிக்காவில் 2018 கடைசி வரை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். அதே ஓன்கியோவின் ஜப்பான் நிறுவனம் 2022 மே மாதம் திவாலானது. பெயர் வேறு கைக்கு மாறி இன்றும் விற்பனையில் இருக்கிறது.

புயலும் கரண்டும்

2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் கரையைக் கடந்தது மரக்காணம் அருகேதான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தபோதும் இந்தப் பகுதி தப்பவில்லை. இதுபோன்ற நாள்களில் கரண்ட் போவதை விட, திரும்ப வரும் நேரம்தான் செட்டுக்கு ஆபத்து. எங்காவது நியூட்ரல் ஒயர் அறுந்திருந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட வந்துவிடலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் பிளக்கோடு எச்டிஎம்ஐ, கேபிள் டி.வி. ஒயர்களையும் கழற்றிவிடுங்கள். கரண்ட் வந்து, மற்ற விளக்குகள் ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்த பிறகு சொருகலாம்.

எர்த் விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு விசித்திரம் உண்டு. மற்ற ஊர்களில் எர்த் குழிக்குள் கரியும் உப்பும் கொட்டுவார்கள். மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்த வேண்டும் என்பதற்காக. இங்கே மண்ணிலேயே உப்பு இருக்கிறது. ஆனால் அதே உப்பு எர்த் குழாயையும் வேகமாக அரித்துவிடும். வீடு கட்டும்போது போட்டது பத்து வருஷம் கழித்தும் இருக்கும் என்று நம்பாமல் எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து செட் வருகிறதா? பிரான்ஸ், சிங்கப்பூர், துபாய் செட்டுகள் நம் ஊர் 230 வோல்ட்டுக்குப் பொருந்தும். அமெரிக்கா 120 வோல்ட், ஜப்பான் 100 வோல்ட். அவற்றை அப்படியே சொருகினால் அன்றைக்கே புகைதான். பின்பக்க ஸ்டிக்கரைப் பார்க்காமல் சொருகக் கூடாது. சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய செட் வாங்கினாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ தலைகளில் துரு, ஸ்பீக்கர் முனைகளில் வெள்ளைப் பொடி இருந்தால் அது ஏற்கெனவே உப்புக்காற்று குடித்த செட்.

வாரண்டி என்ன சொல்கிறது?

துரு, பூச்சி, தண்ணீர், வோல்டேஜ் ஏற்ற இறக்கம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரி பல கம்பெனிகளின் வாரண்டி அட்டையில் இருக்கும். வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். ஆனால் துருவே இல்லாத செட்டுக்கும் "கடலோரம் சார், உப்புக்காத்து" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பினால் அதை ஏற்க வேண்டியதில்லை. எந்தப் பாகத்தில் அரிப்பு என்று போட்டோவோடு எழுத்தில் கேளுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் பின்பக்கத்தையும் சீரியல் நம்பரையும் நீங்களும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் மறுத்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை சென்னையில் இருந்தாலும் வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மரக்காணத்துக்காரர்களுக்கு அது விழுப்புரம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்னை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும், பில்லும் வாரண்டி அட்டையும் கையில் இருக்க வேண்டும்.