ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் போதும்!

நெருப்பெரிச்சல் பக்கம் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வர்ற உங்ககிட்ட, 'பிள்ளைக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்டுங்க' என்று சொன்னால் கோபம்தான் வரும். அதனால் மாற்றிச் சொல்கிறோம். பிள்ளை வாசிக்கட்டும், நீங்க சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. உங்களுக்கு வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு அத்தியாயம்.

எழுத்துக்கூட்டி வாசிக்கிற பல குழந்தைகள், பக்கம் முடிந்ததும் 'முதல் பத்தியில என்ன நடந்துச்சு?' என்றால் முழிப்பார்கள். நீளமான கதையில் நேற்று நடந்தது ஞாபகம் இருந்தால்தான் இன்றைக்குப் புரியும். அதே பெயர்கள், சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் வேகமும் கூடும். ஆறாம் வகுப்புப் பாடங்களில் திணறாமல் இருக்க இது ரொம்ப உதவும். சீரியல் பார்க்கிற வீட்டுக்கு 'தொடரும்' என்பதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன! 1950-ல் 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட வீடுகள் நிறைய.

எதில் தொடங்கலாம்? எங்கள் ஓட்டு, டெட்சுகோ குரோயாநாகி எழுதிய 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'க்கு. சேட்டைக்காகப் பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கும் பள்ளியில் சேர்கிறாள். அத்தியாயங்கள் குட்டி குட்டியாக இருக்கும். நேஷனல் புக் டிரஸ்ட் இதை இந்தியிலும் வெளியிட்டிருப்பதால், பக்கத்து லைன் வீட்டு பீகார் குடும்பத்துக்கும் சொல்லலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா, கீழடிப் பின்னணியில் உதயசங்கர் எழுதி, 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய 'ஆதனின் பொம்மை'.

தப்பா வாசிச்சா உடனே திருத்தாதீங்க, வாக்கியம் முடியட்டும். கடைசியில் 'அடுத்து என்ன நடக்கும்?' என்று மட்டும் கேளுங்க. ஷிப்மென்ட் அவசரத்தில் ரெண்டு நாள் விட்டுப்போச்சா? ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வாசிச்சுக்கலாம்.