கடல் தந்த எண்

1944ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் காலை 8.45 மணிக்குக் கோர்சிகாத் தீவின் போர்கோ தளத்திலிருந்து உளவு விமானம் ஒன்று பிரான்சின் பெருநிலத்தை நோக்கிப் புறப்பட்டது. செர்மானியர் வசமிருந்த கிரெனோபிள், அன்னசி வட்டாரங்களை வானிலிருந்து படமெடுத்து வருதலே அதன் பணி. படைக்கலம் எதுவும் பூட்டப்படாத அந்த லாக்ஹீட் பி-38 விமானத்தில் இருந்தவர் ஒருவரே. அவர் எழுத்தாளர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி, அகவை 44. அவ்வகை விமானத்தைச் செலுத்துவோர்க்குரிய வயதெல்லையை நெடுநாள் முன்பே கடந்துவிட்டவர். மேலிடத்தாரிடம் மன்றாடி இசைவு பெற்றவர். பிற்பகல் 2.30 மணிக்குமேல் எரிபொருள் இராது எனத் தளத்தார் கணக்கிட்டனர். விமானம் திரும்பவில்லை.

வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி ஆகியோரின் தமிழாக்கத்தில் 'குட்டி இளவரசன்' படித்தவர்கள், அடுத்து நிகழ்ந்ததை எளிதில் உய்த்துணர்வர். நியூயார்க்கில் 1943இல் வெளிவந்த அந்நூலின் இறுதியில் இளவரசனின் உடல் கிடைப்பதில்லை. ஆசிரியர் உடலும் கிடைக்காமற்போகவே, கதையின் முடிவையே அவருடைய முடிவாகவும் வாசகர் கொண்டனர். தாமே விரும்பி வானில் மறைந்தார் என்று எழுதியோரும் உளர். இத்தகைய பொருத்தத்தில் மயங்குவது கவியுள்ளத்திற்கு இயல்புதான். ஆனால் அது சான்றாகாது.

முதற்சான்று 54 ஆண்டுகளுக்குப் பின்னரே கிட்டியது. 1998 செப்டம்பரில், மார்சேய்க்குத் தெற்கே ரியூ தீவினருகே மீனவர் ஒருவரின் வலையில் கறுத்துப்போன வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று சிக்கியது. எக்சுபெரியின் பெயரும், மனைவி கொன்சுவேலோவின் பெயரும், நியூயார்க் பதிப்பகத்தாரின் முகவரியும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. மகிழ்ச்சியைக் காட்டிலும் ஐயமே மிகுதியாக எழுந்தது. கிரெனோபிளிலிருந்து கோர்சிகாவுக்குத் திரும்பும் நேர்வழியினின்று ரியூ மேற்கே வெகுதொலைவு விலகியது. எவரேனும் செய்து போட்ட போலியோ என வெளிப்படையாகவே கேட்டனர். பெயர் பொறித்த அணியை யாரும் செய்துவிடலாமன்றோ!

2000இல் அதே வட்டாரத்தில் முக்குளிப்பவர் ஒருவர் பி-38 விமானச் சிதைவுகளை அடையாளங்கண்டார். அதுவும் போதுமானதாக இல்லை. போரில் அவ்வகை விமானங்கள் பல மத்தியதரைக் கடலில் வீழ்ந்துள்ளன. அரசின் இசைவு கிடைத்து, 2003இல் சில பகுதிகள் மேலே கொணரப்பட்டன. அவற்றுள் ஒன்றைத் துலக்கியபோது, '2734 எல்' எனக் கையால் அடித்த எண் தெரிந்தது. அது தொழிற்சாலை வரிசையெண். அவ்வெண்ணுக்குரிய அமெரிக்கப் படைப்பதிவு 42-68223. அன்று எக்சுபெரி செலுத்திய விமானத்தின் எண்ணும் அதுவே. 2004 ஏப்ரலில் செய்தி உறுதியாயிற்று. ஆலைத் தொழிலாளர் ஒருவர் ஆசிரியர் யாரென அறியாமலே அடித்துவைத்த எண், பெயர் பொறித்த வெள்ளியால் தீர்க்கவியலாத வழக்கைத் தீர்த்துவைத்தது.

தீர்ந்தது 'எங்கே' என்னும் வினா மட்டுமே. விமானம் ஏறத்தாழச் செங்குத்தாக, மிகுவிரைவில் கடலில் மோதியிருக்க வேண்டுமென்பது உலோகத்தின் நெளிவுகளை ஆய்ந்தோர் கருத்து. உயிர்வளிக் குழாய் பழுதுற்று மயங்கினாலும், பகைவரின் குண்டு பட்டாலும், செலுத்துபவரே மனம் துணிந்தாலும் வீழ்ச்சி அவ்வாறே அமையக்கூடும். மீட்ட துண்டுகளில் குண்டுத்துளை இல்லை. எனினும் மீண்டது விமானத்தின் சிறுபகுதியே; எனவே துளை இன்மையைக் கொண்டு சுடப்படவில்லை என்று முடிவுகட்டலாகாது.

2008இல், முன்னாள் செர்மானிய விமானி ஒருவர், அந்நாளில் அப்பகுதியில் பி-38 ஒன்றைத் தாம் சுட்டுவீழ்த்தியதாக அறிவித்தார். எக்சுபெரியின் நூல்களை இளமையில் விரும்பிப் படித்தவர் தாம் என்றும், செலுத்தியவர் யாரெனத் தெரிந்திருந்தால் சுட்டிருக்கமாட்டார் என்றும் கூறினார். உலகெங்கும் இதழ்கள் அதனை ஏற்று எழுதின. வாசகனே ஆசிரியனைக் கொன்றான் என்னும் இக்கதையும் முன்னைய கதையைப்போலவே கவர்ச்சி மிக்கது. அதனாலேயே கூடுதல் விழிப்புடன் அணுகத்தக்கது. அவர் கூற்றை மெய்ப்பிக்கும் போர்க்காலப் பதிவு எதுவும் வெளிவரவில்லை. 2013இல் அவரும் மறைந்தார். மீட்கப்பட்ட உலோகத் துண்டுகள் பாரிசை அடுத்த லெ பூர்ஷே விமான அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.