கூடு என்றால் சோறு: ஒருங்கிணைவைக் கோருகிறவர்கள் பற்றி

ஒண்ணாம் வகுப்பில் வாத்தியார் பலகையில் 'கூடு' என்று எழுதி அர்த்தம் கேட்டார். எனக்குத் தெரிந்த வார்த்தை. எழுந்து 'சோறு' என்றேன். வகுப்பே சிரித்தது. எங்க வீட்டில் கூடு என்றால் சோறுதான், தண்ணிக்கு நீள்ளு. பறவைக்கும் ஒரு கூடு உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. 'நீ அந்தத் தெருவா?' என்று மட்டும் கேட்டார். ஒரு சொல்லைப் பற்றிய பிழை, தெருவைப் பற்றிய விசாரணையாக மாறிய அந்த இடத்திலிருந்தே இதைத் தொடங்குகிறேன்.

சேத்தூர், ராஜபாளையத்துக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. மறவர் பாளையமாக இருந்து பிறகு ஜமீனான ஊர். நாங்கள் அருந்ததியர். வீட்டுக்குள் தெலுங்கு, தெருமுனை தாண்டினால் தமிழ். அம்மாவோடு ராஜபாளையம் கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் அங்கே ராஜூக்கள் சத்தமாகத் தெலுங்கு பேசிக்கொண்டு நடப்பதைப் பார்ப்பேன். ஒருமுறை, 'இவங்களும் நம்ம ஆளுகளாம்மா?' என்று தெலுங்கில் கேட்டுவிட்டேன். அம்மா தமிழில் பதில் சொன்னாள்: 'வாய மூடிட்டு வாடா.'

அந்தப் பதிலில் ஒரு முழுச் சமூகவியல் இருப்பதாக இப்போது தோன்றுகிறது. ராஜூக்கள் விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்து குடியேறியவர்கள். இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் வீட்டில் தெலுங்குதான். அவர்களில் ஒருவரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய நூற்பாலை இந்த வட்டாரத்தின் முகத்தையே மாற்றியது. 'இன்னும் ஏன் கலக்கவில்லை?' என்று இந்த வட்டாரத்தில் அவர்களை யாரும் கேட்டு நான் அறிந்ததில்லை. இதை அவர்கள்மீது குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. பேச்சைக் காப்பாற்றிக்கொள்வது நல்ல விஷயம்தான். ஒரே மொழி ஓரிடத்தில் மரபாகவும் இன்னோரிடத்தில் கறையாகவும் எப்படி வாசிக்கப்படுகிறது என்பதே என் கேள்வி.

இந்த மண்ணுக்குத் தெலுங்கு அந்நியமானதும் அல்ல. கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஆமுக்தமால்யதா', ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைச் சொல்லும் தெலுங்குக் காவியம். தெற்கே வந்த தெலுங்குக் குடிகளின் இடப்பெயர்வைக் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' (1976) நாவலாக்கினார். அதைத் தமிழின் கரிசல் இலக்கியமாகவே நாம் கொண்டாடுகிறோம், சரியாகவே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரரசனின் தெலுங்கு காவியமாகிறது, நிலம் திருத்தியவரின் தெலுங்கு நாவலாகிறது. செருப்புத் தைத்தவரின், குப்பை அள்ளியவரின் தெலுங்கு, 'நீ அந்தத் தெருவா?' என்ற கேள்வியாக மட்டுமே மிஞ்சுகிறது.

குணாவின் 'திராவிடத்தால் வீழ்ந்தோம்' 1994இல் வந்தபோது சிறுபத்திரிகை உலகம் சூடாக விவாதித்தது. தமிழரின் வீழ்ச்சிக்குத் தெலுங்கு, கன்னட ஆதிக்கத்தைக் காரணமாக்கிய நூல் அது. ஆதிக்கம் பற்றிய கேள்வியை நான் மறுக்கவில்லை. ஆனால் மொழியை மட்டும் வைத்துக் கோடு கிழித்தால் ஆலை முதலாளியும் அந்த ஆலையின் கக்கூஸைக் கழுவுகிறவரும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டியதாகிறது. அடி விழுவது மட்டும் இருவருக்கும் ஒன்றுபோல் இல்லை. 2023இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் பரப்புரையில், அருந்ததியர் விஜயநகர ஆட்சிக் காலத்தில் துப்புரவு வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று சீமான் பேசியதை நினைத்துக்கொள்ளலாம். வந்தேறி என்ற சொல் மேலிருந்து கீழ்நோக்கியே உருள்கிறது.

இதற்கு நம் பக்கத்துப் பதில் என்ன? ஒண்டிவீரன். நெல்கட்டும்செவல் பூலித்தேவரின் படைத்தளபதியாக, அருந்ததியரின் வாய்மொழி மரபு போற்றுகிற வீரன். பாளையங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது, 2022இல் தபால்தலையும் வெளியானது. விழாவுக்கு நானும் போவேன், பறை கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனாலும் உறுத்துகிறது. வெள்ளையனை எதிர்த்துச் சிந்திய ரத்தத்தைக் காட்டினால்தான் இந்த ஊரில் குடியிருக்க முடியுமா? சான்றிதழ் கேட்கிறவனின் உரிமையை, சான்றிதழைத் தேடி ஓடும் நாமே உறுதிப்படுத்திவிடுகிறோம் இல்லையா?

'ஒருங்கிணைவு' என்ற சொல் இன்று அதிகம் அடிபடுவது மேற்கு நாடுகளில் குடியேறிய பாகிஸ்தானியரைப் பற்றிய விவாதங்களில். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டும் ராஜபாளையம்போல ஓர் ஆலை நகரம், அங்கே கம்பளி. அங்குள்ள பாகிஸ்தானியரில் பெரும்பாலோர் மீர்பூர்ப் பகுதியினர். 1960களில் மங்களா அணை கட்டப்பட்டபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிலமிழந்தார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே அங்கே போயிருந்த உறவினரைத் தொடர்ந்து கப்பலேறினார்கள். ஆலைகளில் உள்ளூர்க்காரர் விரும்பாத இரவு ஷிப்ட் அவர்களுக்கு வாய்த்தது. இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம். ஊரோடு கலப்பது எந்த நேரத்தில்?

ஆலைகள் மூடப்பட்ட பிறகுதான் அவர்களின் 'கலாச்சாரம்' பிரச்சினையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 1989இல் பிராட்ஃபோர்டில் ருஷ்டியின் நாவல் எரிக்கப்பட்டது. எழுத்தை எரிப்பதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அந்தத் தீயை வைத்து ஒரு சமூகத்தையே வாசித்தார்கள். 1990இல் நார்மன் டெபிட், கிரிக்கெட்டில் நீ எந்த நாட்டுக்குக் கைதட்டுகிறாய் என்பதை விசுவாசத்தின் அளவுகோலாக்கினார். 2001 கலவரங்களுக்குப் பிறகு வந்த கேண்டல் அறிக்கை, சமூகங்கள் ஒன்றையொன்று தொடாத இணைகோடுகளாக வாழ்வதாகச் சொன்னது. ஸ்பெயின் கடற்கரையில் ஆங்கிலம் மட்டுமே பேசிக்கொண்டு ஓய்வுக்காலம் கழிக்கும் வெள்ளையர்களிடம் இந்தப் பரீட்சை வைக்கப்படுவதில்லை. அவர்கள் ராஜபாளையத்துக் கடைவீதியில் நடக்கிறவர்கள்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. மீர்பூர்க்காரரின் வீட்டுமொழி பஹாடி. ஆனால் அவர்களின் பிள்ளைகளுக்குத் 'தாய்மொழி' என்று பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கப்பட்டது உருது. அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரச் சொல்கிறது. எனக்கு எதைத் தருவார்கள்? ஆந்திரப் பாடநூலின் தெலுங்கு எனக்கு இன்னொரு அந்நிய மொழி. ஒருமுறை விஜயவாடாவில் வாயைத் திறந்தேன், கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்துக்கு மாறினார். எங்கள் தெலுங்குக்குச் சேத்தூருக்கு வெளியே ஊர் இல்லை. அது இந்த ஊர் மொழி. சொல்லப்போனால் அதுவும் தமிழ்நாட்டு மொழிதான்.

2009இல் தமிழக அரசு 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு தந்தது. 2024இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த ஒதுக்கீடு நாங்கள் என்ன பேசுகிறோம் என்று கேட்கவில்லை. எங்களை எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

என் மகளுக்குத் தெலுங்கு வராது. நான் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் வகுப்பில் யாரும் சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை, கலந்துவிட்டாள். போன வருஷம் ஒரு தோழி அவளிடம் கேட்டிருக்கிறாள்: 'நீங்க எந்தத் தெரு?' அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, 'பாட்டி சோத்துக்கு என்ன சொல்லும்?' என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.