இருபது பவுண்டு மின்சிகரெட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சிகரெட் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். 2019ல் மத்திய அரசு சட்டம் போட்டு, தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய வருடமே தமிழ்நாடு அரசு தடை விதித்திருந்தது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் சிங்காரத்தோப்புப் பக்கம் போய் விசாரிக்க வேண்டாம். நான் எழுதப்போவது, 2018ல் இங்கிலாந்தில் என் மைத்துனனுக்காக ஒன்று தேடி அலைந்ததையும், அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்ற வரலாற்றையும்.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. முப்பது வருடமாக லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறான். கிடங்கு வேலை. நாளைக்கு 15 சிகரெட். அந்த வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பார்த்துக்கொள்ள நாங்கள் இருவரும் மூன்று மாதம் போயிருந்தோம். நிகோடின் ஒட்டுப்பட்டையை ஏற்கெனவே இரண்டு தடவை ஒட்டிப் பார்த்துத் தோற்றவன். அங்கிருந்த நர்ஸம்மா, "மின்சிகரெட்டுக்கு மாறிப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் எந்த ஆஸ்பத்திரியிலாவது இப்படிச் சொல்வார்களா? ஆனால் அங்கே 2015லேயே அரசின் பொது சுகாதார அமைப்பு, சிகரெட்டோடு ஒப்பிட்டால் இதில் தீங்கு சுமார் 95 சதவீதம் குறைவு என்று அறிக்கை விட்டிருந்தது. அந்தக் கணக்கைப் பற்றி இன்றுவரை சண்டை ஓயவில்லை.

"மாமா, நீங்க மெஷின் ஆளு. நீங்களே பாத்துச் சொல்லுங்க. இருபது பவுண்டுக்கு மேல வேணாம்" என்றான். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் 34 வருடம் வேலை பார்த்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கடை கடையாக ஏறி இறங்கினேன். ராத்திரியில் உட்கார்ந்து அதன் வரலாற்றைப் படித்தேன்.

உள்ளே இருப்பது சின்ன விஷயம்தான். ஒரு பேட்டரி, கம்பிச் சுருள் ஒன்று, அதற்குள் பஞ்சுத் திரி, திரியை நனைக்கத் திரவம். பழைய மின்சார அடுப்பில் கம்பி சிவக்குமே, அதே தத்துவம், அளவுதான் குன்றிமணி. திரவத்தில் பெரும்பகுதி கிளிசரின், நாக்குப் புண்ணுக்கு நாம் தடவுவோமே அதுதான். கூடவே புரோப்பிலீன் கிளைக்கால், வாசனை, நிகோடின். சூட்டில் அது ஆவியாகிறது. புகையிலை எரிவதில்லை, ஆகவே தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாவதில்லை. ஆனால் நிகோடின் இருக்கிறது, அடிமைப்படுத்துவது அதுதான். புகைக்காதவன் இதைத் தொட ஒரு காரணமும் கிடையாது.

இந்த யோசனை நாம் நினைப்பதைவிடப் பழையது. ஜோசப் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1930லேயே மின்சாரத்தில் மருந்தை ஆவியாக்கி இழுக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். சிகரெட்டுக்கு மாற்று என்று யோசித்தவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட். தானே நிறையப் புகைத்தவர். எரிவதில்தான் கேடு, எரிக்காமல் சூடான ஈரக்காற்றை வாசனையோடு இழுத்தால் என்ன என்று 1963ல் விண்ணப்பம் போட்டார், 1965ல் காப்புரிமை கிடைத்தது. அதில் நிகோடின்கூட இல்லை. மாதிரி செய்து கம்பெனி கம்பெனியாகக் காட்டினார். ஒருவரும் தயாரிக்க முன்வரவில்லை. அந்த வருடங்களில் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் சார்மினாரும் கத்திரி மார்க் சிசர்ஸும் போய்க்கொண்டிருந்தன, பற்றவைக்க ஓரமாகக் கயிற்றில் நெருப்புத் தொங்கும். ஏழைக்குச் சொக்கலால் பீடி, பெரியவர்களுக்கு உறையூர்ச் சுருட்டு. இங்கிலீஷ்காரனின் 'செரூட்' என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான்.

கில்பர்ட்டுக்குப் பிறகு 1980களில் டெக்சாஸில் சூடே பண்ணாமல் நிகோடின் ஊறிய காகிதத்தை வைத்து ஒன்று விற்றார்கள். 1987ல் அரசு நிறுத்திவிட்டது. பெரிய சிகரெட் கம்பெனி ஒன்றும் கோடிக்கணக்கில் கொட்டி ஒன்றைச் செய்து, 1988ல் கடைக்குக் கொண்டுவந்து, சில மாதங்களிலேயே திரும்ப வாங்கிக்கொண்டது.

உண்மையில் ஓடிய வண்டி சீனாவில் கிளம்பியது. ஹோன் லிக் என்ற மருந்தியல் நிபுணர், வடகிழக்கே ஷென்யாங் நகரத்துக்காரர். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் கிராமத்துக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களில் ஒருவர், அங்கேதான் சிகரெட்டும் பழகினார். விட முயன்று நிகோடின் ஒட்டுப்பட்டை போட்டுப் பார்த்தார். என் மைத்துனனைப் போலத்தான். 2003ல் இவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவியில் மீயொலி அதிர்வால் திரவத்தைத் துளித்துளியாக உடைத்தார். 2004ல் 'ருயான்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சீன மொழியில் புகை போன்றது என்று பொருள். அவருடைய அப்பாவும் பெரிய புகைப்பிரியர், நுரையீரல் புற்றுநோயில் அந்த 2004லேயே போய்ச்சேர்ந்தார். ஹோன் லிக் தானும் சிகரெட்டை முழுக்க விடவில்லை என்று பின்னாளில் பேட்டியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடியது இதைப் படித்த பிறகுதான்.

2006, 2007 வாக்கில் சரக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. அப்போதைய கருவிகள் பார்க்க சிகரெட் மாதிரியே வெள்ளையாக, நுனியில் சிவப்பு விளக்கோடு இருக்கும். அந்த ஒல்லி உடம்புக்குள் பேட்டரிக்கு இடம் எங்கே? சீக்கிரம் தீர்ந்துவிடும். திரவக் குப்பியும் மூடி முத்திரையிட்டது. தீர்ந்தால் அதே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். கருவியை மலிவாகக் கொடுத்து, குப்பியில் காசு பார்ப்பது. ஷேவிங் ரேஸர், கம்ப்யூட்டர் பிரிண்டர் வாங்கியவர்களுக்கு இந்த வித்தை தெரியும்.

இதை உடைத்தது பேனா வடிவக் கருவி. 2009, 2010ல் ஷென்சென் நகரத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. சிகரெட் போலத் தெரிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, தடிமனான பேட்டரியும், நாமே ஊற்றிக்கொள்ளும் தொட்டியும் வைத்தார்கள். இன்னொன்றும் நடந்தது, நான் ரசித்தது அதைத்தான். 510 என்ற மாடலின் மரை, 7 மில்லிமீட்டர் விட்டம், அரை மில்லிமீட்டர் இடைவெளி, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகிவிட்டது. ஒருவனுடைய பேட்டரியில் இன்னொருவனுடைய தொட்டியைத் திருகலாம். 1841ல் விட்வொர்த் துரை மரைக்கு ஒரே அளவு வேண்டும் என்று எழுதி வைத்ததன் பலனை ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். எந்த ஊர் நட்டும் நம் போல்ட்டில் ஏறும் என்றால் விற்பவன் ஆட்டம் போட முடியாது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2013ல் இங்கிலாந்தின் பெரிய சிகரெட் கம்பெனி இம்பீரியல், ஹோன் லிக்கின் காப்புரிமைகளை 7.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2015ல் அமெரிக்காவில் ஜூல் என்ற கருவி வந்தது, மறுபடியும் முத்திரையிட்ட குப்பி. நிகோடினை உப்பு வடிவத்தில் வைத்ததால் தொண்டை எரியாமல் ஏராளமாக உள்ளே போகும். 2019ல் அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 27 பேருக்கு மேல் மின்சிகரெட் இழுத்ததாகக் கணக்கெடுப்பு சொன்னது. அதே வருடம் நம் நாடு தடை போட்டதற்கு அந்தப் பயம் பெரிய காரணம். பயம் நியாயமானதுதான். ஆனால் சிகரெட்டைத் தெருமுனையில் சில்லறையாக விற்கவிட்டு, இதை மட்டும் பூட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈஸ்ட்ஹாமுக்கு வருவோம். கடையில் மூன்று ரகம் பார்த்தேன். பத்துப் பவுண்டுக்குள் முத்திரைக் குப்பி வைத்த ஒல்லிக் கருவி. ஐம்பதுக்கு மேல் திரையும் பொத்தான்களும் உள்ள பெட்டி, மேகம் மாதிரி ஆவி விட விரும்பும் விடலைகளுக்கு. நடுவில் 18 பவுண்டுக்குப் பேனா ரகம். மைத்துனனின் கண் முதலாவதின் மேல். நான் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

அப்போது 20 சிகரெட் பாக்கெட் பத்துப் பவுண்டை ஒட்டி. 15 வீதம் வாரத்துக்கு 50க்கு மேல் புகைந்துகொண்டிருந்தது. முத்திரைக் குப்பி இரண்டு 6 பவுண்டு; அவன் இழுக்கிற வேகத்துக்கு நாளைக்கு ஒன்று, வாரத்துக்கு 21. பேனா ரகத்துக்கு 10 மில்லி திரவம் 4 பவுண்டு, வாரத்துக்கு இரண்டு. சுருள் ஒன்று 2 பவுண்டு, ஒன்றிரண்டு வாரம் வரும். ஆகப் பத்துக்குள் முடிந்துவிடும். வாங்கும்போது எட்டுப் பவுண்டு கூடக் கொடுத்தால் முதல் வாரத்திலேயே அது திரும்பி வந்துவிடுகிறது. நம் பெட்டிக்கடையில் ஒன்றொன்றாக சிகரெட் வாங்குபவன் பாக்கெட் விலையைவிட அதிகம் கொடுப்பதும் இதே கணக்குதான். கையில் காசு குறைந்தவனிடம்தான் அதிகம் பிடுங்குகிறார்கள்.

திரவத்தின் அளவும் வலுவும் அங்கே சட்டப்படி. தொட்டி 2 மில்லி, குப்பி 10 மில்லி, நிகோடின் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. 18ல் ஆரம்பிக்கச் சொன்னார் கடைக்காரர். நான் 6 போதும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "குறைவாக வாங்கியவர்கள் மறுநாள் சிகரெட் கடையில் நிற்பார்கள் ஐயா" என்றார். அவர் சொன்னபடியே 18 வாங்கினோம்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது, கிழக்கு லண்டனில் உள்ள குயின் மேரி பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஹாயெக் தலைமையில். சிகரெட்டை விட வந்த 886 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒட்டுப்பட்டை, மிட்டாய்ப் பசை போன்றவை. இன்னொன்றுக்கு ஊற்றிக்கொள்ளும் ரக மின்சிகரெட்டும் 18 மில்லிகிராம் திரவமும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து சிகரெட்டைத் தொடாதவர்கள் முதல் பிரிவில் 9.9 சதவீதம், இரண்டாவதில் 18. இருமடங்குதான், ஆனாலும் நூற்றுக்கு 82 பேர் தோற்றிருக்கிறார்கள். ஜெயித்தவர்களிலும் ஐந்தில் நான்கு பேர் அந்தக் கருவியை விடவில்லை.

மைத்துனன் அந்தப் பதினெட்டில் சேர்ந்தான். முதல் மாதம் சிகரெட்டும் உண்டு, கருவியும் உண்டு. மூன்றாம் மாதத்தில் சிகரெட் போயிற்று. 18, 12, 6 என்று இறங்கினான். 2020 ஜனவரியில் பொங்கலுக்குத் திருச்சி வந்தபோது, சட்டம் வந்துவிட்டதால் கருவியை அங்கேயே வைத்துவிட்டு வந்தான். மூன்று வாரமும் மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் வாங்கி மென்றான். தெருமுனைக் கடையைத் தாண்டும்போதெல்லாம் என் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஐம்பத்தேழு வயதுத் தம்பியை!

பிறகு அங்கே தூக்கியெறியும் ரகம் பெருகியது. ஐந்து பவுண்டு, தீர்ந்ததும் லித்தியம் பேட்டரியோடு குப்பையில். திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியை ஒரே தடவை உபயோகித்து எறிவதைப் பார்த்தால் எந்த ஒர்க்‌ஷாப்காரனுக்கும் வயிறு எரியும். 2025 ஜூன் 1 முதல் இங்கிலாந்து அந்த ரகத்தைத் தடை செய்துவிட்டது. அன்று போனில் மைத்துனனிடம் கேட்டேன். அவனுடைய பழைய பேனாவின் பேட்டரி செத்துவிட்டதாம், தொட்டி மட்டும் அதேதான். புது பேட்டரி வேறு கம்பெனி, மரை பொருந்திவிட்டது. திரவம் இப்போது 3 மில்லிகிராம்.