பாய்தல் என்னும் சொல்லும் எமது வாழ்வும்

ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியலாக எழுதி மனனம் செய்வது எமது பாடசாலைகளில் நெடுநாளைய வழக்கம். பாய்தல், குதித்தல் பற்றிய தொடர்கள் அப்பட்டியலில் ஏராளம். ‘வெடி தீருமுன் பாய்ந்தான்’, ‘வாத்தியக்காரரின் வண்டியிற் குதித்தேறினான்’, ‘இருளில் ஒரு பாய்ச்சல்’ என்றெல்லாம் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மாணவனுக்கு எதுவும் விளங்காது. மரபுத்தொடரின் பொருள் சொற்களுக்குள் மட்டும் இல்லை. அதைப் பேசிய மக்களின் வாழ்க்கையில் இருக்கிறது.

முதலாவது, ஓட்டப்பந்தயக் களத்திற் பிறந்தது. தொடக்க வெடி கேட்குமுன் ஓடியவனைச் சுட்டிய தொடர், பின்னர் எல்லா அவசரக்காரருக்கும் உரியதாயிற்று. வாத்திய வண்டி 19 ஆம் நூற்றாண்டு அமெரிக்க சர்க்கஸ் ஊர்வலங்களிற் சென்றது. தேர்தல் ஊர்வலங்களிலும் அது புகுந்தது. வெல்லும் பக்கம் சேர்பவரை அவ்வண்டியில் ஏறியவர் என்றனர். மூன்றாவது, முன்பே வழங்கிய தொடர். 1867 இல் பிரித்தானியப் பிரதமர் டேர்பி பிரபு, தமது அரசே கொண்டுவந்த வாக்குரிமைச் சீர்திருத்தத்தை ‘இருளில் ஒரு பாய்ச்சல்’ என்றார். நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை கொடுத்தால் என்ன விளையுமோ என்ற மேட்டுக்குடியின் கலக்கம் அதற்குள் கிடக்கிறது.

‘பாயுமுன் பார்’ என்பது இன்னும் பழையது. ஜோன் ஹேவுட் 1546 இல் வெளியிட்ட ஆங்கிலப் பழமொழித் தொகுப்பிலேயே அது உண்டு. அத்தகைய பணியை எமது மண்ணிற் செய்தவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய அவர், 1843 இல் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். 1874 இல் வந்த விரிந்த பதிப்பில் 6,000 க்கும் மேற்பட்ட பழமொழிகள் இடம்பெற்றன.

‘பாயுமுன் பார்’ என்று ஆங்கிலேயர் சொல்லுமிடத்தில், ‘ஆழமறியாமற் காலை விடாதே’ என்கிறோம் நாம். கருத்து ஒன்று, காட்சி வேறு. அங்கே ஒருவன் தாண்டப் போகிறான். இங்கே ஒருவன் நீரில் இறங்கப் போகிறான். மாரியில் ஆறும் குளமும் பெருகும் நாட்டில் எச்சரிக்கையும் நீரைப் பற்றியதாய் அமைவது இயல்புதானே.

இனி, பாய்தல் என்ற எமது சொல்லைப் பாருங்கள். இடையிலுள்ளவற்றைக் கடந்து தொலைவிலுள்ள சூத்திரத்தோடு பொருந்தும் சூத்திர நிலையை நன்னூலார் ‘தவளைப் பாய்த்து’ என்றார். தவளையின் துள்ளலே இலக்கணக் கலைச்சொல்லாயிற்று. தமிழ்நாட்டில் ‘உயரம் தாண்டுதல்’ எனப்படும் விளையாட்டு எமக்கு ‘உயரம் பாய்தல்’. 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் அதிலேயே நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் தங்கம் வென்றார். அவர் கற்ற யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியே பேர்சிவல் முன்னர் அதிபராயிருந்த கல்லூரி.

வன்னியில் இச்சொல் இன்னும் விரிகிறது. கட்டாக்காலி மாடு வேலி பாயும். வாய்க்கால்வழி வயலுக்குத் தண்ணீர் பாயும். மாரியில் இரணைமடுவும் முத்தையன்கட்டும் நிரம்பினால் ‘குளம் வான் பாயுது’ என்பார்கள். வான் என்பது இங்கே ஆகாயமன்று. மேலதிக நீர் வெளியேறும் வழி. அந்த ஒரு தொடரில் விதைப்பின் நம்பிக்கையும் வெள்ளத்தின் பயமும் சேர்ந்தே ஒலிக்கும்.

2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் எமது மக்கள் வயலையும் மாட்டையும் வேலியையும் விட்டு நடந்தனர். முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு வேலி பாயும் மாட்டை யார் காட்டியிருப்பார்? தொழில் அறுந்தால் அதனோடு பிறந்த தொடரும் அறும். அகராதியில் அது கிடக்கலாம், நாவில் இராது.

ஆகவே, ஆங்கிலத் தொடரைக் கற்பிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம்: பாய்பவர் யார்? எங்கே பாய்கிறார்? எந்தத் தொழிலில் இது பிறந்தது? பின்னர் அதே கேள்விகளை எமது தொடரிடமும் கேட்கச் செய்வோம். பிறமொழியும் தெளியும், தாய்மொழியும் தங்கும்.

குளங்கள் இருக்கின்றன; மாரியும் வருகிறது. ‘வான் பாயுது’ என்று சொல்லப் பிள்ளைக்கு நா வரவேண்டும்.