கலஹா வீதி (7): அரை நாள் பள்ளிக்கூடம்

சென்ற வாரம் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தை இரண்டு வேலைகளுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்துக்குத் தலைமை தாங்கி, இந்த நாட்டுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் கேட்டவர் அவர். 1919இல் தோட்டத் தொழிலாளருக்காகத் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்தவரும் அவரே. கடன்பட்ட தொழிலாளியைத் தோட்டம் விட்டு நகரவிடாமல் கட்டிப்போட்ட ‘துண்டு’ முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. இரண்டு கோரிக்கைகளும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன. ஆனாலும் தோட்ட லயத்துப் பிள்ளை பல்கலைக்கழக வாசலைப் பார்க்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இடையில் ஒரு விதிவிலக்கு உண்டு. அருணாசலத்தோடு தொழிலாளர் நலச் சங்கத்தில் உழைத்த பெரி. சுந்தரம் மடுல்கலைத் தோட்டப் பகுதியில் பிறந்தவர்; கேம்பிரிட்ஜ் வரை போய்ப் படித்தவர். 1931இல் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குப் போட்டியின்றித் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். மேடைகளில் இவரைக் காட்டி, “படித்தால் முடியும்” என்பார்கள். கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேற எத்தனை லயத்துக் காம்பராக்களில் காசு இருந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பல்கலைக்கழகம் 1942 ஜூலை 1இல் கொழும்பில் பிறந்தது. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். எங்கே கட்டுவது என்ற சண்டை அதற்கு முன்பே வருடக்கணக்கில் நடந்து முடிந்திருந்தது. கடைசியில் கிடைத்த இடம், ஹந்தானை மலைக்கும் மகாவலிக்கும் நடுவே ஒரு தோட்டம் இருந்த நிலம். 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்தார்கள். வளாகத்தின் ஊடாகப் போகும் வீதிதான் நம் தொடருக்குப் பெயர் கொடுத்த கலஹா வீதி. அதன் வழியே மேலே ஏறினால் கலஹா, தெல்தோட்டை. அதற்கும் அப்பால், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த லூல்கந்துர. நாட்டின் முதல் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியிலேயே நாட்டின் முதல் பல்கலைக்கழகம் எழுந்தது. கலஹா பஸ்ஸில் கூடையும் மூட்டையுமாகப் போகிற சனம் செனட் கட்டடத்தைத் தாண்டித்தான் போனது. இறங்க அவர்களுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

1954 ஏப்ரல் 20இல் எடின்பரோ கோமகன் வந்து முறைப்படி திறந்துவைத்தார். வகுப்புகள் நடந்துகொண்டிருந்த இடத்தைத் திறப்பது எப்படி? வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்திருப்பதாக அறிவித்து வேடிக்கை பண்ணினார். அந்த வாசகத்தைக் கல்லிலும் பொறித்துவைத்தார்கள். நல்ல வேடிக்கைதான், யாருக்குத் திறந்தது என்று கேட்காதவரை.

கேட்போம். 1920ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் பொறுப்பைத் தோட்டத்தின் தலையில் வைத்தது. அதாவது, துரையின் கையில் கொடுத்தது. பிள்ளை படித்தால் தோட்டத்துக்கு ஓர் ஆள் குறையும். அந்த ஆளை இழக்க வேண்டியவரிடமே பள்ளிக்கூடத்தை ஒப்படைத்தால் என்ன ஆகும்? ஒரே கூடம், ஒரே வாத்தியார், அரை நாள் படிப்பு. சேர்ந்தவர்களில் அநேகர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. பிறகு தோட்ட வேலைக்குப் பேர் பதிவு. பெண் பிள்ளையானால் கொழுந்துக் கூடை.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. சிங்களக் கிராமங்களுக்கு மத்திய கல்லூரிகள் போயின. தோட்டப் பாடசாலையோ துரையிடமே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அது வெளியேதான் நின்றது; அரசு கைக்கு வர 1970கள் ஆயின. போதாக்குறைக்குப் பேராதனையில் படிப்பு ஆங்கிலத்தில். ஆங்கிலம் படிக்க டவுன் பள்ளிக்கூடம், டவுனில் தங்கக் காசு. ஆக, வாசலில் காவல் இல்லை. வாசலுக்குப் போகிற பாதையில்தான் படிகளைக் காணோம். 1960ஐ ஒட்டிக் கலைப்பீடம் சுயமொழி மாணவரை எடுக்கத் தொடங்கியபோது ஒரு படி முளைத்தது.

இரண்டாவது படியை வைத்தது பேராதனை அல்ல, ஹட்டன். ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் நின்றார்கள். கவ்வாத்துக் கத்தி பிடிக்க வேண்டிய பையன்களை, “இன்னும் ஒரு வருடம் இரு” என்று உயர் வகுப்புவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மலையகக் கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் பட்டமளிப்புப் படங்களையே பார்க்கிறோம்; எனக்கு அந்த ‘இன்னும் ஒரு வருடம்’தான் பெரிது. பிள்ளையின் ஒரு வருடக் கூலியை ஒரு குடும்பம் விட்டுக்கொடுத்தால்தான் அது நடக்கும். அப்படி விட்டுக்கொடுத்த குடும்பங்களிலிருந்து சிலர் பேராதனைக்குப் போனார்கள். படித்து முடித்துத் திரும்பி வந்து மலையகத்தில் வாத்தியார்களானவர்கள் அடுத்த பத்துப் பேரை அனுப்ப முனைந்தார்கள். பாதை தெளிகிற மாதிரி இருந்தது.

ஆனால் பட்டத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் நடுவே ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. நீர் இலங்கைப் பிரஜையா என்று அது கேட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. அடுத்த ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுமார் 8,25,000 பேருக்காக மனுக்கள் போடப்பட்டன; பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

மிச்சப் பேரின் கணக்கு புதுடில்லியில், 1964 அக்டோபர் 30 அன்று தீர்க்கப்பட்டது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையொப்பமிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. பிறகு பார்க்கலாம் என்று 1,50,000. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

எந்த நாட்டுக்கு மனுப்போடுவது என்று லயத்துக்கு லயம் இரவெல்லாம் பேச்சு. தகப்பன் இந்தியாவுக்கு எழுதிப்போட்டுவிட்டால், பேராதனை விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மகன் எந்தக் கணக்கில் வருவான்? ஹட்டன் வகுப்பில் அந்த ‘இன்னும் ஒரு வருடம்’ இருக்கச் சொன்ன பையன்களில், இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாருக்கு ரயிலேறப்போவது எத்தனை பேர்?

அடுத்த வாரம்: ஹட்டன் ரயில் நிலையம்.

(தொடரும்)