எலிக்கு எந்தத் துப்பாக்கி? கராச்சர்மாவை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

தெற்கு அந்தமானில், போர்ட் பிளேரை (இன்றைய ஸ்ரீ விஜய புரம்) ஒட்டி அமைந்த சிற்றூர் கராச்சர்மா. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தீவு ஆய்வு நிறுவனம் 1978 முதல் இங்கே இயங்குகிறது. தென்னையும் பாக்கும் காய்கறியும் விளையும் இத்தகைய ஊர்களில் ஒரு கேள்வி இயல்பாகவே எழும். எலி, அணில், காகம் போன்றவற்றின் தொல்லைக்கு எந்தக் காற்றுத் துப்பாக்கியை வாங்கலாம்? கடைக்காரர் விலையையும் விசையையும் வைத்து விடை சொல்வார். இந்தக் கேள்வியை வரலாற்று மாணவர் வேறு வரிசையில் அணுக வேண்டும் என்பது என் கருத்து. முதலில் உயிரி, அடுத்து அதற்கு நாம் இட்ட பெயர், பிறகு சட்டம், இறுதியாகவே கருவி.

உயிரியிலிருந்து தொடங்குவோம். 1858இல் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்ட பின் இத்தீவுகளுக்கு மனிதர் மட்டும் வந்துசேரவில்லை. மைனாவை 1860களில் பிரித்தானிய அதிகாரிகள் இங்கே கொண்டுவந்து விட்டனர். புள்ளிமான் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தது. பயிர்களை அழிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தை 1942–45 ஜப்பானிய ஆட்சியின்போது நுழைந்தது. மானும் யானையும் அந்தமான் காட்டுத் தாவரங்களுக்கு விளைவித்த சேதத்தை ரவூஃப் அலி 2004இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் விரிவாக எழுதினார். இன்று இங்கே ‘தொல்லை’ எனப்படும் உயிர்களில் பல, ஆட்சியாளரின் விருப்பத்தாலோ தேவையாலோ கப்பலேறி வந்தவை.

அடுத்தது பெயர். புலி, சிறுத்தை, ஓநாய் ஆகியவற்றை ஒழிக்க வேண்டிய விலங்குகளாகக் கருதிய காலனி அரசு, கொன்றவருக்குத் தலைக்கு இவ்வளவு என வெகுமதி அளித்தது. 1875 முதல் 1925 வரையிலான அரைநூற்றாண்டில் 80,000க்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டன என்று கணக்கிடுகிறார் வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன். அதே புலிக்காக 1973இல் தனித் திட்டமே வந்தது. விலங்கு மாறவில்லை, அதன் மேல் ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டு மாறியது.

தமிழ்ச் சொற்களிலும் இந்த அசைவைக் காணலாம். ஈழத்து வேளாண் தமிழில் ‘பீடை’ என்பது பயிரைக் கெடுக்கும் உயிரியைக் குறிக்கும். ‘பீடைகொல்லி’ என்பது அதன் மருந்து. வடமொழி மூலத்தில் இச்சொல்லுக்குத் துன்பம் என்பதே பொருள். துன்பத்தின் பெயர் அதைத் தரும் உயிரின் பெயராகிவிட்டது. தினைப்புனக் காவலைப் பாடும் சங்கச் செய்யுள்கள் கிளியைப் பற்றிப் பேசும்போது ஆளும் வினை ‘கடிதல்’, அதாவது ஓட்டுதல். குறிஞ்சிப்பாட்டு காட்டும் தழல், தட்டை, குளிர் ஆகிய மூன்றும் கிளியை விரட்டும் கருவிகள். ஆனால் பன்றிக்கு வைக்கப்பட்டது ‘அடார்’ என்னும் கற்பொறி. அது கொல்லும் பொறி. ஆகவே பழந்தமிழர் எதையும் கொல்லவில்லை என்று பெருமை பேசுவதற்கு இடமில்லை. எதை ஓட்டுவது, எதைக் கொல்வது என்ற வேறுபாடு அவர்களிடம் இருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இனிச் சட்டம். லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கோரியது; ஐரோப்பியருக்கு விலக்களித்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதைத் தனியே குறிப்பிட்டது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ வாய்முனை ஆற்றல் 20 ஜூலையோ தாண்டும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். பல நாடுகளில் எலி வேட்டைக்கு விரும்பப்படும் 5.5 மில்லிமீட்டர் துப்பாக்கி இங்கே இவ்வரம்புக்கு வெளியே நிற்கிறது.

20 ஜூல் என்பது சிறிய அளவன்று. அரை கிராம் ஈய ரவை அந்த ஆற்றலில் வினாடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் வேகத்தில் பாயும். இங்கிலாந்தில் சான்றிதழ் இன்றி வைத்திருக்கக்கூடிய காற்று ரைஃபிளின் வரம்பே சுமார் 16 ஜூல்தான். திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கியின் நினைவோடு இதை அணுகுவது தவறு. 1780ஐ ஒட்டி ஆஸ்திரியப் படை பயன்படுத்திய ஜிரார்டோனி துப்பாக்கியும் காற்றால் இயங்கியதே. சிறுவனாயிருந்த சலீம் அலி மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்றை வீழ்த்தியதும் காற்றுத் துப்பாக்கியால்தான். அதை அடையாளம் காண பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்ற அவர் பறவையியலாளரானார். எல்லாச் சிட்டுகளுக்கும் அப்படியொரு வரலாறு வாய்ப்பதில்லை.

கருவிக்கு உரிமம் தேவையில்லை என்பதால் இலக்குக்கு அனுமதி கிடைத்துவிடாது. பலர் தடுமாறும் இடம் இது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியன ‘தீங்கு விளைவிப்பவை’யாக இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கியது. 2023 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. இனி ஓர் உயிரினத்தை அவ்வாறு அறிவிக்க வேண்டுமானால், குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும் உரியதாக ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். தோட்டத்தில் நிற்பவர் தாமாகவே அந்தப் பெயரைச் சூட்ட இயலாது.

இவ்வளவுக்கும் பிறகு கருவிக்கு எஞ்சுவது மிகச் சிறிய இடம். கிடங்குக்குள், சில மீட்டர் தொலைவில், பின்னால் மண்மேடோ தடித்த சுவரோ இருக்கும் நிலையில், எலிக்கு மட்டும் அதைக் கருதலாம். அதற்கு 4.5 மில்லிமீட்டர் அளவில், குழலை மடக்கி விசையேற்றும் சுருள்வில் வகை போதும். அழுத்தக் காற்றுக் கலம் கொண்ட வகைக்கு 200 பார் அளவில் காற்று நிரப்பும் ஏற்பாடு வேண்டும். விசையைவிடக் குறி தவறாமையே முதன்மை. காயம்பட்டு ஓடும் எலி வளைக்குள் கிடந்து சாகும். உணவு சேமிக்கும் இடத்தில் ஈயம் சிதறுவதையும் மறக்கலாகாது.

தென்னை மரத்து எலிக்குத் துப்பாக்கி பொருந்தவே பொருந்தாது. அது இரவில் இயங்குவது. மேல்நோக்கிச் சுட்ட ரவை எங்கே விழும் என்று எவரும் சொல்ல முடியாது. தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றித் தகரப் பட்டை கட்டுவது பழகிய, பயன் கண்ட முறை. கொண்டையில் புரோமாடியோலோன் கட்டி வைப்பதும் வழக்கம். ஆனால் அந்த நஞ்சை உண்ட எலியை ஆந்தை உண்டால் ஆந்தைக்கும் ஆபத்து. அந்தமானுக்கே உரிய கூகை இனம் ஒன்று எலிகளைத் தின்று வாழ்கிறது. வந்தேறிய எலியை ஒழிக்கப் புறப்பட்டு, இம்மண்ணின் எலிக்கொல்லியை இழக்க நேரலாம்.

நாட்டின் வேறொரு மூலையில் இதே கருவி எதிர்த்திசையில் பயணித்திருக்கிறது. அருணாச்சலப் பிரதேசத்தில் 2021இல் தொடங்கிய காற்றுத் துப்பாக்கி ஒப்படைப்பு இயக்கத்தில் மக்கள் தாமாக முன்வந்து 2,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அளித்தனர். பறவைகளின் ஓசை குறைந்த காடுகள் அதற்குக் காரணமாயின.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தமானில் தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி பேசும் குடும்பங்கள் அருகருகே பயிரிடுகின்றன. பயிரைத் தின்னும் ஒவ்வோர் உயிரையும் அவர்கள் எப்பெயரால் அழைக்கிறார்கள், எதை ‘ஓட்டு’ என்கிறார்கள், எதை ‘அடி’ என்கிறார்கள் என்று யாரேனும் தொகுத்தால், அரசிதழ் சொல்லாத ஒரு வரலாறு நமக்குக் கிடைக்கும். துப்பாக்கியின் விட்டத்தை அளப்பது எளிது. அந்தச் சொற்களை இப்போதே பதிவு செய்யாவிட்டால் பிறகு அளக்க ஒன்றும் இராது.